இரண்டாம் மணி

கண்மணிக்கு நாடகத்தில் கொடுத்திருந்தது அவளுடைய அம்மாவின் வேஷம்.

"வேற யாரு செஞ்சாலும் செட் ஆகாதுக்கா. உங்க அம்மா எப்படி நடப்பாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத்தான தெரியும்" என்றாள் தமிழ்மதி.

கண்மணி சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் வேலை கிடையாது. கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் ஆனந்த் திருப்பூரில் இருக்கிறான். வீட்டில் உட்கார்ந்திருப்பதும் பள்ளிக்கூடத்தில் போய் நிற்பதும் அவளுக்கு ஒன்றுதான். யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்வது அவளுக்கு வெகுநாளாய்ப் பழகியிருந்தது.

தமிழ்மதி கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவளும் அவள் நண்பர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து மலை ஊர்களில் நாடகம் போடுகிறார்கள். அந்தந்த ஊர்க் கதையை அந்தந்த ஊர்க்காரர்களே நடிப்பார்கள். ஈத்தம்பாறை தொடக்கப்பள்ளிக்கு அறுபது வருஷம் நிறைகிறது என்று தலைமையாசிரியை லீலா கூப்பிட்டதால், தை மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் தாண்டிக்குடி வந்து, அங்கிருந்து ஜீப் பிடித்து மேலே ஏறினாள். ஞாயிறுதோறும் ஒத்திகை. முதல் நாளே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, ஒத்திகை முடிகிறவரை இங்கே எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன், அக்காதான் என்று விதி போட்டாள். ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் தலையை ஆட்டினார்கள். அதன் பிறகு ஒருவரை ஒருவர் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசிக்கொண்டார்கள்.

கதை அந்தப் பள்ளியினுடையதுதான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்புவரை ஈத்தம்பாறையில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஊர்ப் பிள்ளைகளுக்கு மேட்டில் ஓட்டுக் கட்டடம். காலனிப் பிள்ளைகளுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை. ஒரு ஐப்பசி மழையில் கொட்டகை விழுந்தது. பதினொரு பிள்ளைகளையும் ஓட்டுக் கட்டடத்தில் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. ஊர்க்காரர்கள் பன்னிரண்டு நாள் தங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிறகு அப்போதிருந்த தலைமையாசிரியர் ஊர்ப் பெரியவர்களோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். சாயங்காலம் இரண்டு மணி அடிக்கப்படும். முதல் மணிக்கு ஊர்ப் பிள்ளைகள் கிளம்புவார்கள். அவர்கள் வீடு சேர்ந்த பிறகு இரண்டாம் மணி. அதற்குப் பிறகுதான் காலனிப் பிள்ளைகள் பாதையில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷம்.

அந்த ஏற்பாடு வந்து மூன்றாம் வாரம், கார்த்திகையில், இரண்டாம் மணிக்குக் கிளம்பிய ஒரு சிறுவன் ஓடை வெள்ளத்தில் போனான். ஒன்றாம் வகுப்பு. பெயர் பழனிமுத்து. கண்மணியின் தம்பி.

தமிழ்மதியின் நாடகத்தில் அந்தச் சாவுதான் ஊரின் மனசை மாற்றுகிறது. பள்ளிக் குழுத் தலைவராக இருந்த ஊர்ப் பெரியவர் சிறுவனின் தாய் முன்னால் வந்து நிற்கிறார். தாய் அழுது, பிறகு அவர் கையைப் பிடிக்கிறாள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு மணி அடிக்கிறார்கள். நாடகத்துக்குப் பெயரே 'ஒத்த மணி'.

"அப்படி நடக்கலம்மா" என்று கண்மணி முதல் வாரமே சொன்னாள். "தம்பி செத்த பெறகும் ரெண்டு மணிதான். நான் அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் ரெண்டு மணி. அப்புறம் வேற வாத்தியாரு வந்தாரு. அவரு ஒண்ணுதான் அடிச்சாரு. ஏன்னு யாரும் கேக்கல."

"தெரியும்க்கா, லீலா மேடமும் சொன்னாங்க. ஆனா நாடகத்துக்கு ஒரு எண்டிங் வேணும்ல. பாக்குறவங்க எதையாவது மனசுல எடுத்துட்டுப் போகணும்."

கண்மணி அதற்கும் சரி என்றாள்.

பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது அந்தப் பள்ளியில் படிப்பது ஒன்பது பேர். ஒன்பதும் காலனிப் பிள்ளைகள். ஊர்ப் பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு மஞ்சள் வேனில் ஏறி, கீழே இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். லீலா வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒரு வீட்டில் டியூஷன் என்றார்கள், ஒரு வீட்டில் சளி. கடைசியில் ஒன்பது பிள்ளைகளையே இரண்டாகப் பிரித்து, ஊர்ப் பிள்ளையாக நடிப்பவர்கள் கையில் நீல ரிப்பன் கட்டிவிட்டாள் தமிழ்மதி. ஒவ்வொரு வாரமும் அந்த ரிப்பனுக்குச் சண்டை வந்தது. ரிப்பன் கட்டியவர்கள்தான் முதல் மணிக்கே கத்திக்கொண்டு வெளியே ஓடலாம்.

ஊர்ப் பெரியவராக நடிக்க யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் சிவமுருகன் தானாக வந்தான். அந்தப் பெரியவரின் மகன். ஆறு ஏக்கர் காப்பித் தோட்டமும் இரண்டு ஜீப்பும் வைத்திருப்பவன். கண்மணி நாலாவது படித்தபோது அவன் அஞ்சாவது. அப்பா வேஷத்தை மகனே போடுகிறான் என்று தமிழ்மதிக்கு ஒரே சந்தோஷம். அவன் வசனத்தைச் சரியாகத்தான் சொன்னான். கண்மணியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துச் சொன்னான்.

கண்மணிக்கு அழுகை வரவில்லை. தமிழ்மதி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மூச்சை இழுத்துவிடச் சொன்னாள், கண்ணை மூடி அந்த நாளை நினைக்கச் சொன்னாள். கண்மணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திறந்தபோதும் முகம் அப்படியே இருந்தது.

"முடியலன்னா பரவால்லக்கா. முந்தானையால மூடிக்கோங்க."

அம்மா இறந்தபோதும் அவள் அழவில்லை. காலனியில் அதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள்.

நாலாவது வாரம் லீலா அலமாரியிலிருந்து பள்ளியின் பழைய பதிவேட்டை எடுத்துவந்தாள். தமிழ்மதி அதை நாடகத்தில் ஒரு குரலாக வாசிக்க வைக்க நினைத்தாள். எப்படி ஒலிக்கிறது என்று பார்க்க அங்கேயே சத்தமாகப் படித்தாள். "மாலை நான்கு பத்துக்கு வழக்கம்போல் இரண்டாம் மணி அடிக்கப்பட்டது. மாணவன் பழனிமுத்து வீடு திரும்பும் வழியில், உடன் வந்தவரின் கவனக்குறைவால் ஓடையில் தவறி விழுந்தான்."

சிவமுருகன் எழுந்து வெளியே போனான். ஜீப் பக்கம் நின்றுகொண்டான்.

கண்மணி கேட்டுக்கொண்டிருந்தாள். உடன் வந்தவர் அவள்தான். அன்றைக்குக் காலனியிலிருந்து பள்ளிக்கு வந்தது அவளும் தம்பியும் மட்டும். மற்ற பிள்ளைகள் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். வராந்தாவில் இரண்டு பேரும் மணிக்காக உட்கார்ந்திருந்தார்கள். மழை ஓட்டுக்கு மேலே கொட்டியது. மணி அடிக்கும் முன்னால் இறங்கினால் மறுநாள் வரக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். தம்பி பசிக்கிறது என்றான். பையில் காலையில் பொறுக்கிய இரண்டு ஆரஞ்சு இருந்தது. வீட்டுக்குப் போய்த் தின்னலாம் என்றாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மணி கேட்டு ஓடைக்கு வந்தபோது கால் வைத்துத் தாண்டும் கல் ஒன்றுகூடத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

அம்மா பையைக் கொட்டிப் பார்த்தாள். ஆரஞ்சைப் பார்த்தாள். தோட்டத்துக்குள்ளே பழம் பொறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, தண்ணீர் ஏறிய பிறகு தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று முடிவு செய்தாள். "மணி அடிக்கலம்மா" என்றாள் கண்மணி. அடி விழும்போதும் அதையே சொன்னாள். வாத்தியாரிடம் கேட்டார்கள். நாலு பத்துக்கு அடித்தாயிற்று என்றார். அதற்குப் பிறகு அம்மா இருபத்தாறு வருஷம் இருந்தாள். சோறு போட்டாள், கல்யாணம் செய்து வைத்தாள். அவளிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, அவளை நம்பினதும் இல்லை. நாளாக ஆகக் கண்மணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைப் புத்திக்குப் பத்து நிமிஷம் நெடுநேரமாகத் தெரிந்திருக்கலாம். ஒருவேளை தோட்டத்துக்குள் போயிருப்போமோ என்னவோ.

அன்று ஒத்திகை முடிந்து தூறல் விழுந்தது. சிவமுருகன் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டான். மற்ற இரண்டு பேரும் எஸ்டேட் லயத்து வீடுகள் பக்கம் இறங்கினார்கள். காலனித் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தான். கண்மணி பையை எடுத்தாள்.

"கண்மணி அக்கா" என்றான். அவனைவிட ஒரு வயசு சின்னவளை அப்படிக் கூப்பிட்டது அவன் வாய்க்கே சரியாக வரவில்லை. "கொஞ்சம் இரு. ஒண்ணு சொல்லணும்."

அவள் இருந்தாள்.

"அன்னைக்கு மணி அடிக்க வேண்டியவன் நான். லீடரு."

"தெரியும்."

"வாத்தியாரு வெள்ளனே கெளம்பிட்டாரு. மொத மணிய அடி, பத்து நிமிசம் இரு, ரெண்டாவத அடிச்சுட்டுப் போன்னாரு. மழ. பயலுக எல்லாம் ஓடுனாங்ய. நானும் ஓடிட்டேன். வீட்டுல தலையத் தொடச்சுட்டு வெரசா வந்துரலாம்னுதான். அம்மா பணியாரம் சுட்டுக்கிட்டு இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

கண்மணி கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெனப்பு வந்து திரும்பி ஓடியாந்தேன். நீங்க ரெண்டு பேரும் அங்கனயே உக்காந்திருந்தீக. எனக்குப் பயமாப் போச்சு. மணி தொங்குற மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே அடிச்சுட்டு ஓடிட்டேன்."

"எம்புட்டு நேரம் இருக்கும்?"

"என்னது?"

"ரெண்டு மணிக்கும் நடுவுல."

அவன் யோசித்தான். "முக்கா மணி நேரம். ஒரு மணி நேரமே இருக்குமோ என்னவோ. இருட்டிக்கிட்டு வந்துச்சு."

"நாலு பத்துன்னு எழுதியிருக்கே."

"மறுநா எங்க வீட்டுல வச்சுத்தான் வாத்தியாரு எழுதுனாரு. அப்பா சொல்லச் சொல்ல எழுதுனாரு. நான் அங்கனதான் நின்னேன்."

"ம்" என்றாள்.

"ஏதாச்சும் சொல்லு. வையணும்னாலும் வையி."

"என்னத்தச் சொல்ல. போயி ஒல வைக்கணும்." இறங்கி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். ஜீப் கிளம்பும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

வீட்டில் அரிசி களைந்தாள். உலை கொதித்தது. ஏதாவது வரும் என்று காத்திருந்தாள், கோபமோ அழுகையோ. குழம்புக்குப் புளி கரைத்தாள், கத்தரிக்காய் நறுக்கினாள். எதுவும் வரவில்லை. தோட்டத்துக்குள் போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தோம். அது சரிதான். தட்டில் போட்டுத் தின்றுவிட்டுக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா. பள்ளி வராந்தாதான் மேடை. முற்றத்தில் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஊர்க்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாற்காலி மிச்சம் இருந்தும் காலனிக்காரர்கள் சுவரோரமாய் நின்றார்கள். மஞ்சள் வேன் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க வந்து, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தன.

நீல ரிப்பன் கட்டிய பிள்ளைகள் முதல் மணிக்கு ஓடியபோது எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஓடை வந்தது. இரண்டு பெண்கள் நீலத் துணியை விரித்துப் பிடித்து அலைய விட்டார்கள். கண்மணியாக நடித்தவள் மூன்றாம் வகுப்பு முருகேஸ்வரி. தம்பியாக நடித்த பையன் துணிக்கு அடியில் நுழைந்து, சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பக்கம் போய்விட்டான். முருகேஸ்வரி பையோடு தனியாக நின்றாள்.

அம்மா ஓடிவந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்து அழ வேண்டும். கண்மணி நடந்து வந்தாள். அம்மாவின் நடை அதுதான். சுமை இல்லாதபோதும் தலையில் சுமை இருக்கிற மாதிரி கழுத்தை நிறுத்தி நடப்பாள். பையை வாங்கினாள். அதைத் தரையில் வைத்தாள். முருகேஸ்வரியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள். ஓரத்தில் வசனத் தாளோடு இருந்த தமிழ்மதி தலையை நிமிர்த்தினாள்.

"மணி அடிக்கலன்னு சொன்னீல்ல" என்றாள் கண்மணி.

முருகேஸ்வரி விழித்தாள். இப்படி ஒரு வசனம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

"நெசந்தான். மணி அடிக்கல. நீங்க ரெண்டு பேரும் வராந்தாவுலதான் உக்காந்திருந்தீக. தோட்டத்துக்குள்ள போகல. ஆரஞ்சு காலையில பொறுக்குனது. ஒம்மேல தப்பு இல்ல. அம்மாவுக்குத் தெரியும்."

பிள்ளை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தது. பிறகு, "சரிம்மா" என்றது.

காலனிப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கண்மணி எழுந்து தன் இடத்தில் போய் நின்றாள். அடுத்து ஊர்ப் பெரியவர் வர வேண்டும்.

சிவமுருகன் வந்தான். வேட்டியும் துண்டுமாய் அவன் அப்பா மாதிரியே இருந்தான். "எங்க மேல தப்பு" என்றான். அது வசனத்தில் இருந்ததுதான். 'இனிமே ஊருக்கு ஒத்த மணிதான்' என்று மீதியையும் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. தமிழ்மதி ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுத்தாள். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகவே எடுத்துக்கொடுத்தாள். அவன் இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல் கண்மணியைப் பார்த்தபடி நின்றான். உதடு மட்டும் அசைந்தது.

பிள்ளைகள் பாட்டுக்குத் தயாராக வரிசையில் காத்திருந்தன. கண்மணி போய் அவன் கையைப் பிடித்தாள். அதுதான் செய்ய வேண்டியது. தன் கைக்கு என்ன தெரிகிறது என்று கவனித்துப் பார்த்தாள். கை கையாக இருந்தது. பிள்ளைகள் மணியை அடித்தன. கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. அதிகாரி எழுந்து நின்று தட்டினார்.

"எங்கிருந்துக்கா வந்துச்சு அந்த டயலாக்?" தமிழ்மதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள்தான் அழுதிருந்தாள். "மே மாசம் பழனில போடுறோம். அப்படியே வச்சுக்கலாம். நான் ஸ்கிரிப்ட்ல சேத்துடுறேன்."

"நான் வரலம்மா. வேற ஆளப் போட்டுக்க."

"ஏன்க்கா?"

"எஸ்டேட்டுல லீவு குடுக்க மாட்டாக. சோலி கெடக்கு."

தமிழ்மதி இன்னொரு முறை கேட்டுப் பார்த்தாள். பிறகு, யோசித்துச் சொல்லுங்கள் என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பழனியில் குப்பம்மாள் என்ற வேறொரு பெண் அந்த வேஷத்தைப் போட்டாள் என்றும், நன்றாக அழுதாள் என்றும் பின்னால் லீலா சொன்னாள்.

லீலா இன்னொன்றும் சொன்னாள். பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் ஜூன் மாதம் முதல் பள்ளியை ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம். ஒன்பது பிள்ளைகளையும் ஆட்டோ வந்து கூட்டிப் போகும். நாடகம் பார்த்த ஊர்க்காரர்களில் ஒருவராவது பிள்ளையைச் சேர்ப்பார் என்று லீலா எதிர்பார்த்திருந்தாள். இரண்டு பேர் வந்து, நாடகம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

விழா முடிந்த வாரமே சிவமுருகனும் லீலாவிடம் போயிருக்கிறான். பதிவேட்டில் அந்த வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பழைய பதிவேட்டில் கை வைக்க முடியாது என்று அவள் சொல்லிவிட்டாள். மாசிக் கடைசியில் ஒரு நாள், எஸ்டேட் களத்தில் கண்மணி மிளகு துழாவிக்கொண்டிருந்தபோது அவன் வந்து ஒரு தாளைக் கொடுத்தான். கோடு போட்ட தாள். இரண்டாம் மணியை நான்தான் தாமதமாக அடித்தேன், நாலு பத்து என்பது பொய், கண்மணி மீதும் பழனிமுத்து மீதும் எந்தத் தவறும் இல்லை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

"இத யாருகிட்டக் குடுக்குறதுன்னு தெரியல. நீயே வச்சுக்க" என்றான்.

அவள் படித்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"தண்ணி குடிக்கிறீகளா?" என்று கேட்டாள்.

குடித்தான். சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தங்கை சோலையம்மாளுக்குப் போன் செய்தாள். தங்கை பெரும்பாறையில் இருக்கிறாள். அந்தக் கார்த்திகையில் அவள் தொட்டில் பிள்ளை. அம்மா சொல்லித்தான் அவளுக்கு எல்லாம் தெரியும். இப்போது கேட்க மிச்சமிருக்கிற ஒரே ஆள்.

"அன்னைக்கு மணி அடிக்கலன்னு அம்மாகிட்டச் சொன்னேன்ல. அது நெசந்தான். சிவமுருகன் எழுதியே குடுத்துட்டான்."

அந்தப் பக்கம் சேவல் ஒன்று கூவியது.

"எதுக்குக்கா இப்ப அது" என்றாள் சோலையம்மாள்.

"சும்மாதான். ஒனக்குத் தெரியட்டும்னு."

"ம்." பிறகு, "சின்னவளுக்கு மூணு நாளா காச்ச. இப்பத்தான் ஆசுபத்திரிக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கோம்."

"சரி, போயிட்டு வாங்க."

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றாள் கண்மணி. போனை வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். காலையில் வைத்த சோறு ஆறியிருந்தது. களத்தோரம் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். பாதி தின்றபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவள் மிளகுத் தூசியா என்று கேட்டாள். கண்மணி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. தெரியலை என்று சொல்லிவிட்டு மீதிச் சோற்றைத் தின்றாள்.